மூணு கிலோ வித்தியாசம்

வாங்க தம்பி, உள்ள வாங்க. செருப்பு அங்கயே கெடக்கட்டும். அவரு இல்லீங்களே. அன்னூர்ல எங்க பங்காளி வூட்டுல காதுகுத்து, காலைல எட்டு மணிக்கே பஸ் ஏறிட்டாரு. எனக்கு முழங்கால் வலி, நான் போகலை. மத்தியான விருந்து முடிச்சுப்போட்டு மூணு மணிக்குத்தான் வருவாரு. ஒரு போன் பண்ணிட்டு வந்திருக்கலாமல்லொ? சரி, திருப்பூர்லிருந்து இந்த வெயில்ல வந்துட்டீங்க, மூஞ்சியே வாடிப்போச்சு. உக்காருங்க, காப்பி வெக்கறேன். காப்பி வேண்டாம்னு எல்லாம் சொல்லப்படாது.

என்ன சோலியா வந்தீங்க? ஓ, நீங்களும் வூட்டுலயே காரு கட்டறீங்களா! ரெண்டு சீட்டு, மேல கூரை இல்லாம? ஆண்டவனே. உங்க சம்சாரம் சண்டைக்கு வரலீங்களா? வரலையா? அப்ப நீங்க இன்னும் ஷெட்டுப் போடலையாட்ட இருக்குது. போடுங்க, வருவாங்க. என்ற கறிவேப்பிலை மரம் போனதே எங்க ஷெட்டுனாலதான்.

இருங்க, நீங்க கேக்க வந்ததை நானே சொல்றேன். முன்னால இருக்கற இஞ்சின்லிருந்து பின்சக்கரத்துக்கு ஒரு நீளக் குழா சுத்திட்டே போகுதல்ல, அந்த ஷாஃப்ட்டு. அதை இரும்புல போடலாமா, இல்லை, அந்தக் கருப்பா பளபளன்னு ஒன்னு வந்திருக்குதே, கார்பன், அதுல போடலாமா? அதுதானே? சிரிக்காதீங்க. மாசத்துக்கு ரெண்டு பேராவது இதையேதான் கேட்டுட்டு வராங்க. எங்க வண்டில கார்பன் போட்டிருக்குதுன்னு யாரோ போன்ல படம் புடிச்சுப் போட்டுட்டாங்களாமா.

எனக்கு அதைப் பத்தி ஒரு எழவும் தெரியாதுங்க தம்பி. நான் எட்டாவது வரைக்கும் படிச்சவ. ஆனா ஒன்னு சொல்றேன், வண்டி லேசாகும், பறக்கும்னு நெனச்சுட்டு கார்பன் போடறதா இருந்தா போடாதீங்க. மூணு கிலோ கொறையும், அவ்வளவுதான். அதுவும் அந்தக் குழா மெலிசு. மெலிசா இருக்கறது சுத்தறதுக்குப் பலத்தைத் திங்காது. சப்பாத்திக் கட்டையை உருட்டறதுக்கு என்ன பலம் வேணும்? கிரைண்டர் கல்லைச் சுத்தறதுக்குத்தான் வேணும். சக்கரந்தான் கல்லு, ஷாஃப்ட்டு வெறும் சப்பாத்திக் கட்டை. கொறைக்கோணும்னா சக்கரத்துல கொறைங்க. உங்க ஷாஃப்ட்டு எத்தனை நீளம்? நாலடிக்குள்ளயா? அப்ப இரும்பே போதுமுங்க. அஞ்சடி, அஞ்சரையடி போச்சுன்னாத்தான் இரும்பு நடுவுல தொப்பை வெச்சுட்டு ஸ்கிப்பிங் கயிறாட்டச் சுத்தும், அதை ரெண்டு துண்டாப் போட்டு நடுவுல ஒரு பேரிங் வெக்கோணும். கார்பன்னா ஒரே துண்டாப் போயிரலாம். அதுக்குன்னா நாயமிருக்குது.

இதெல்லாம் அவரு சொல்றது. எனக்கு என்ன தெரியும்.

அப்பறம் எதுக்கு எங்க வண்டில கார்பன் இருக்குதுன்னு கேக்கறீங்களா? கேளுங்க, கேக்க வேண்டிய கேள்விதான். அவரு வேண்டாம்னுதான் சொன்னாரு. எட்டு மாசம் வேண்டாம்னாரு. நாந்தான் தம்பி ஒத்தைக் கால்ல நின்னு போட வெச்சேன். இந்தாங்க காப்பி. சக்கரை பத்தலைன்னா சொல்லுங்க.

அவரை நீங்க பாத்ததில்லையல்ல? பேரு சென்னியப்பன். கோயமுத்தூர் கணபதில ஒரு பம்பு கம்பெனில முப்பத்திமூணு வருசம் பேலன்சிங் செக்சன். சுத்தற சாமான் எதுவானாலும் ஆடாம அசையாமச் சுத்த வெக்கறதுதான் அவரு சோலி. ஓடற பம்பு மேல ஒரு ரூவாக் காசை நட்டமா நிக்க வெப்பாரு. காசு உளுகலைன்னாத்தான் அந்தப் பம்பு கம்பெனி கேட்டைத் தாண்டும். அந்தப் பவுசுலயே முப்பத்திமூணு வருசத்தை ஓட்டிப்போட்டாரு.

ரிட்டையராகி வூட்டுக்கு வந்தாருங்களா, மொத மாசம் பரவால்லை. மிக்சி ஓடுனா ஓடி வந்து கைய வெச்சுப் பாப்பாரு. நாம உக்காந்திருக்கற இந்த ஆசாரத்து ஃபேன் ஆடுதுன்னு எறக்கி, றெக்கைல மண்ணாங்கட்டி ஒட்டி, மறுக்கா மாட்டுவாரு. கிரைண்டர், வாசிங் மிசினு, தையல் மிசினு, எதையும் வுடலை. பக்கத்து வூட்டு ஃபேன் வரைக்கும் போயிட்டாரு. அப்பறம் சுத்தற சாமானெல்லாம் தீந்துபோச்சு. தீந்ததும் மனுசன் நாற்காலில உக்காந்துட்டாரு தம்பி. ஏழு மாசம். பேச்சில்லை. சோறு ரெண்டு வாய். கூப்புட்டா 'ம்'. அந்த ஏழு மாசம் நான் பட்ட பாட்டைச் சொன்னா உங்களுக்கு இந்தக் காப்பி எறங்காது. டாக்டர்கிட்டப் போனா, சுகர் இல்லை, பிரசர் இல்லை, நல்லாத்தான் இருக்கறாருங்கறாங்க. நல்லா இருக்கற மனுசன் செவுத்தையே பாத்துட்டு உக்காந்திருப்பானா?

ஒருநாள் உக்கடத்துல பழைய இரும்புக் கடைக்கு எதுக்கோ போனவரு, ஒரு பழைய ஜீப்பு இஞ்சினை ஆட்டோல வெச்சுட்டு வந்து எறக்கினாரு. என்னங்க இதுன்னேன். காரு கட்டப்போறேன்னாரு. எனக்கு அழுகையே வந்திருச்சு. சந்தோசத்துலதான். ஆனா அவருகிட்டக் காமிச்சுக்கலை. 'ஆமா, இது ஒன்னுதான் கொறைச்சல்'னு திட்டினேன். திட்டினாத்தான் அவருக்கு வேகம் வரும்.

அன்னைலிருந்து மனுசன் மறுக்கா மனுசனாயிட்டாரு. ராகிக்களி மூணு உருண்டை. விசிலடிக்கறாரு. சட்டையெல்லாம் கிரீசு, நானும் தொவைச்சுத் தொவைச்சுத் திட்டறேன், திட்டித் திட்டித் தொவைக்கறேன். ஒன்னரை வருசத்துல வண்டி ஒரு உருவத்துக்கு வந்திருச்சு. சட்டம் வெச்சு, சீட்டு வெச்சு, ரெண்டு சீட்டுக்கும் நடுவுல அந்த ஷாஃப்ட்டு போறதுக்குத் தகரத்துல ஒரு பொந்து வெச்சு எல்லாம் பண்ணிட்டாரு. வண்டி பேப்பருக்கு அலைஞ்சது தனிக்கதை, அதை அவருகிட்டயே கேளுங்க.

அப்பத்தான் அது நடந்துது.

பின்சக்கரத்தை ஸ்டாண்டு மேல தூக்கி வெச்சு ஓட விட்டுட்டிருந்தாரு. காலைல பதினோரு மணி இருக்கும். நான் அடுப்படி சன்னல்ல நின்னு பாத்துட்டிருந்தேன். அவரு வண்டில உக்காரலை, தெய்வந்தான் காப்பாத்துச்சு, முன்னால நின்னு இஞ்சின்கிட்டயே கைல ஆக்சிலேட்டர் குடுத்துட்டிருந்தாரு. திடீர்னு ஒரு சத்தம். எப்பிடிச் சொல்றது, இரும்பு வாளியை ஆளு வெச்சு அடிக்கற மாதர, டமடமடமடமன்னு. அவரு ஆஃப் பண்றதுக்குள்ள எத்தனை அடி அடிச்சுதுன்னு தெரியலை. ஷாஃப்ட்டு முனைல கிராஸுன்னு ஒன்னு இருக்குதல்ல, மடங்கறதுக்கு, அது ஒடஞ்சு ஷாஃப்ட்டு ஒருபக்கம் கழண்டு, சுத்திட்டே அந்தப் பொந்துக்குள்ள அடிச்சிருக்குது.

நான் ஓடிப் போயிப் பாத்தேன். தகரம் கிழிஞ்சு, டிரைவர் சீட்டுப் பக்கம் நாக்கு நீட்டின மாதர வெளிய வந்திருக்குது. எங்கன்னு நெனைக்கறீங்க? அவரு உக்காந்தா எடது இடுப்பு எங்க வருமோ, அங்க. சரியா அங்க. அவரு குனிஞ்சு பாத்துட்டு, 'கிராஸு பழசு துளசி, புதுசு போட்டாச் சரியாப் போச்சு'ன்னாரு. விசிலடிச்சுட்டே கழட்ட ஆரம்பிச்சாரு. நான் உள்ள வந்து கட்டில்ல உக்காந்துட்டேன்.

பயந்தான் தம்பி. பின்ன என்னன்னு சொல்றது? உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன. இத்தனை நாளா அவருகிட்டச் சொல்லலை, நீங்களும் சொல்லிராதீங்க. பயமா இருக்குது, இந்த வண்டி வேண்டாம்னு ஒரே ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தா அவரு வுட்டிருப்பாரு. அதுதான் கஷ்டம். வுட்டுப்போட்டு மறுக்கா அந்த நாற்காலில போயி உக்காந்திருப்பாரு. அந்த ஏழு மாசம் மறுக்கா எனக்கு வேண்டாம். வண்டியும் வேணும், மனுசனும் முழுசா வேணும். அதுக்கு வழி என்னன்னு ரோசனை பண்ணினேன்.

மத்தியானம் அவரு ஷெட்டுக்குப் போனதும் போனை எடுத்து வெச்சுட்டுப் பாப்பேன். இங்கிலீசு தெரியாதுன்னாலும் படம் தெரியுமல்ல? ஷாஃப்ட்டு ஒடையறதா தேடித்தேடிப் பாத்தேன். இரும்பு ஒடஞ்சா எல்லாத்துலயும் அதே கதைதான், தடியாட்டச் சுத்திச் சுத்தி அடிக்குது. ஒன்னே ஒன்னுல மட்டும் கருப்புக் குழா ஒன்னு ஒடையுது. படார்னு சத்தம், அவ்வளவுதான், வெளக்கமாறாட்ட நார் நாராப் பிரிஞ்சு போயிருச்சு. அடிக்கலை, கிழிக்கலை. அதை ஒரு அம்பது தடவை பாத்திருப்பேன். அது பேரு கார்பன்னு அப்பத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். முனைல இருக்கற கிராஸு அதுலயும் இரும்புதான், அது ஒடஞ்சாலும் குழா தொங்கி அடிக்காம இருக்கச் சுத்தி ஒரு இரும்பு வளையம் போடோணும்னும் தெரிஞ்சுக்கிட்டேன். உங்க வண்டிக்கு வளையம் போட்டிருக்கறீங்களா? போடுங்க, மொதல்ல அதைப் போடுங்க.

தெரிஞ்சுக்கிட்ட அன்னைக்குச் சாயங்காலமே ஆரம்பிச்சேன். 'ஏனுங்க, ஒண்டிப்புதூர்ல திருமூர்த்தின்னு ஒருத்தரு காரு கட்டறாராமா, கார்பன் ஷாஃப்ட்டாமா. நம்ம வண்டி இரும்புதானா?'ன்னேன்.

நிமுந்து பாத்தாரு. 'உனக்கெப்பிடித் தெரியும்?'

'ஊரே பேசுது'ன்னேன். திருமூர்த்தின்னு யாரும் கெடையாதுங்க தம்பி. நானாச் சொன்னேன்.

'அவனுக்குக் கிறுக்கு'ன்னாரு. அப்பறம் அந்த சப்பாத்திக் கட்டை, கிரைண்டர் கல்லு எல்லாம் சொன்னாரு. நானா வுட்டேன்? லேசுங்கறாங்க, அழகுங்கறாங்க, நாலு பேரு வந்தாப் பெருமையாக் காட்டலாங்கறாங்கன்னு தெனமும் ஒன்னொன்னா எடுத்து வுட்டேன். அவரும் தெனமும் ஒன்னொன்னாத் தட்டிவுட்டாரு. உண்மையச் சொன்னா, அவரு சொன்னதெல்லாம் சரிதான். அதுதான் எனக்கு எரிச்சல்.

'இரும்புன்னா எங்க லேசா இருக்குதோ அங்க ஒரு துண்டுத் தகடு வெல்டு வெச்சு நான் பேலன்ஸ் பண்ணிக்குவேன் புள்ள. கார்பன்ல வெல்டு வெக்க முடியுமா? எவனோ பண்ணிக் குடுத்ததை அப்பிடியே மாட்டோணும். அடுத்தவன் பண்ணின பேலன்ஸை நான் என்னைக்கு நம்பியிருக்கறேன்?' அங்கதான் தம்பி அவருக்கு வலி. லேசு, கனம் எல்லாம் அப்பறந்தான்.

இன்னொரு நாள், 'ரெண்டு முனைலயும் இரும்பைப் பசை போட்டுத்தான் ஒட்டியிருப்பான். பசைய நம்பி வண்டியோட்டறதா?'ன்னாரு.

'உங்க பல்லு செட்டு பசைலதானுங்க நிக்குது, அதை நம்பி முறுக்குத் திங்கறீங்கல்ல?'ன்னேன். ரெண்டு நாள் பேசலை. முறுக்கையும் தொடலை.

மூணாவது நாளு ஒரு கூத்துப் பண்ணினாரு பாருங்க. மூணு கிலோ நாட்டு வெல்லத்தைப் பையில கட்டி எடுத்துட்டு, 'வா, உனக்கு நிரூபிச்சுக் காட்டறேன்'னு பொறப்புட்டுட்டாரு. எங்களுக்குப் பொறகால மனை போட்டு விக்காம ஒரு லேஅவுட்டு கெடக்குது, ரோடு மட்டும் நல்லாப் போட்டிருக்கறான். புது இரும்பு ஷாஃப்ட்டு மாட்டியாச்சு. வெல்லத்தைப் பக்கத்துச் சீட்டுல வெச்சுட்டு ஒரு ஓட்டு, வெல்லமில்லாம ஒரு ஓட்டு. ரோடு முடியற எடத்துல எல்லைக்கல்லுகிட்ட நான் போனை வெச்சுட்டு நேரம் புடிக்கோணும். மூணு கிலோவுல ஒரு மண்ணும் வித்தியாசமில்லைன்னு நானே என் கண்ணால பாத்துக்கோணுமாமா.

வித்தியாசம் இருக்காதுன்னு எனக்குத் தெரியாதா? வெல்லத்தோட வந்தப்ப பட்டனைக் கொஞ்சம் பொறுத்து அமுக்கினேன். 'பாருங்க, வெல்லத்தோட ஒன்னரை செகண்டு அதிகம். அப்ப மூணு கிலோவுக்கு மதிப்பிருக்குதல்ல?'ன்னேன். போனை வாங்கிப் பாத்தாரு. என்னையப் பாத்தாரு. 'மறுக்கா ஓட்டறேன்'னாரு. மறுக்கா ஓட்டினாரு, நான் மறுக்கா பொறுத்து அமுக்கினேன். ஏழு தடவை தம்பி! ஏழாவது தடவை வெல்லம் இல்லாதப்பப் பொறுத்து அமுக்கிட்டேன், கணக்கு மாறிப்போச்சு. 'உன்ற கையத்தான் மொதல்ல பேலன்ஸ் பண்ணோணும்'னு சொல்லிப்போட்டுப் போயிட்டாரு.

அவருக்கென்ன தெரியும். அவரு ஓட்டிட்டு வர ஒவ்வொரு தடவையும் என்ற கண்ணு போன்ல இல்லை. அவரு இடுப்புலதான் இருந்துது. போனைப் பாக்காம அமுக்கினா நேரம் எங்கிருந்து சரியா வரும்?

இப்பிடியே எட்டு மாசம். வண்டிக்குப் பெயிண்டும் அடிச்சாச்சு, மஞ்சள். ஆவணி மொத முகூர்த்தத்துல ஈச்சனாரிப் புள்ளையாருக்குக் கொண்டுபோயி பூசை போடறதுன்னு முடிவாச்சு. எனக்கு நம்பிக்கையே போச்சு. சரி, புள்ளையாரே பாத்துக்கட்டும்னு வுட்டுட்டேன். மத்தியானம் அவரு சாப்ட்டுட்டிருந்தாரு. பருப்புஞ்சோத்துல நெய்ய ஊத்திப் பெசஞ்சுட்டிருந்தாரு. நான் சும்மா பேச்சுவாக்குல, 'பச்சைப் பட்டைக் கட்டிக்கறேன், முந்தானை காத்துல பறக்காம நாலு ஊக்குப் போட்டுக்கறேன்'னு சொன்னேன்.

'எதுக்கு?'ன்னாரு.

'கோயிலுக்குத்தான்.'

'நீ பஸ்ஸுல வந்துரு. நான் வண்டியக் கொண்டாறேன்.'

'அதெப்பிடி? எங்க அப்பன் வூட்டுலயும் சரி, உங்கப்பன் வூட்டுலயும் சரி, புது வண்டின்னா மொதல்ல சோடியா உக்காந்துதான் கோயிலுக்குப் போறது. சைக்கிள் வாங்கினப்பவே பொறகால உக்கார வெச்சுத்தானே கூட்டிட்டுப் போனீங்க? நான் அந்தச் சீட்டுல வரேன்.'

'அந்தச் சீட்டுலயா?'

'பின்ன உங்க மடிலயா?'

அந்தச் சீட்டுல அதை வெச்ச நாள்லிருந்து அவரு டூல்ஸ் பொட்டியத்தான் வெச்சிருந்தாரு. சோத்தை உருட்டின கை அப்பிடியே நிக்குது. என்னையப் பாக்கறாரு. ஆனா மூஞ்சியப் பாக்கலை தம்பி. இந்த வலது இடுப்பையே பாக்கறாரு. எனக்குக் கூச்சமாப் போச்சு. 'கல்யாணத்தன்னைக்குப் பாக்காததை இப்ப என்னத்தைப் பாக்கறீங்க?'ன்னேன். பாதிச் சோத்துல எந்திரிச்சுக் கைகழுவிட்டு ஷெட்டுக்குப் போயிட்டாரு. நான் எட்டிப் பாத்தேன். என்ற சீட்டுக்கும் அந்தப் பொந்துக்கும் நடுவுல இஞ்சு டேப்பை வெச்சு அளக்கறாரு, எழுதறாரு, மறுக்கா அளக்கறாரு. நான் அந்தச் சீட்டுல புடிக்க மாட்டேன்னு நெனைச்சுட்டாராட்ட இருக்குதுன்னு எனக்கு வந்துது பாருங்க கோவம்.

அரைமணி நேரங்கழிச்சு வந்தாரு. 'ஓசூர்ல ஒருத்தன் பண்றான். கார்பனே சொல்லிட்டேன்'னாரு.

எட்டு மாசம் தம்பி! எட்டு மாசம் விடாம சொன்னேன் பாத்தீங்களா, ஜெயிச்சுப்போட்டேன். பொம்பளை ஒரே புடியா நின்னா ஆம்பளை ஒருநாள் எறங்கித்தான் வரோணும். இதை உங்க சம்சாரத்துகிட்டச் சொல்லிராதீங்க, அப்பறம் உங்க பாடு திண்டாட்டம்.

'என்னங்க திடீர்னு ஞானம்?'னு கேட்டேன்.

'நீ ஏறினா வெயிட்டு கூடுதல்ல? எங்கியாவது கொறைக்கோணுமல்ல?'

நாக்கைப் பாத்தீங்களா? நான் அறுபத்தெட்டு கிலோ. அதுக்கு மூணு கிலோவைக் கொறைச்சு ஈடுகட்டறாராமா. வேற நாளா இருந்தா நானும் நாலு குடுத்திருப்பேன். கார்பன் வருதேன்னு வாயை மூடிட்டேன்.

அதுக்கப்பறம் பண்ணினதுதான் பைத்தியக்காரத்தனம். ஓசூர்லிருந்து பார்சல் வந்துது, பிரிச்சா ரெண்டு ஷாஃப்ட்டு. எதுக்குங்க ரெண்டுன்னா, ஒன்னு ஒடைக்கறதுக்காமா! முழு வெலை குடுத்து வாங்கினதோட ஒருமுனைய வைஸ்ல இறுக்கிப் புடிச்சு, மறுமுனைல நீளப் பைப்பை மாட்டி, இஞ்சின் தூக்கற செயின் பிளாக்கு வெச்சு முறுக்கறாரு. முறுக்கறாரு, முறுக்கறாரு, படார்னுது. நான் காதைப் பொத்திக்கிட்டேன். தொறந்து பாத்தா, நார் நாராத் தொங்குது. அவரு அதுகிட்டக் குனிஞ்சு, கையாலயே தடவித் தடவிப் பாக்கறாரு. உள்ளங்கை பூரா கருப்புச் சிலாம்பு ஏறிப்போச்சு. வாசப்படில உக்கார வெச்சு ஊக்கால ஒன்னொன்னா நாந்தான் எடுத்தேன். நான் பாட்டுக்குத் திட்டறேன், அவரு பாட்டுக்குச் சிரிக்கறாரு. 'துண்டா எதுவும் பறக்கலை புள்ள, பாத்தியல்ல? நாராத்தான் வந்துது'ங்கறாரு. எனக்கு அது நிம்மதிதான், எனக்கு வேண்டியதே அதுதானே? அவருக்கு எதுக்குங்க அத்தனை சந்தோசம்? புதுசை ஒடைச்சுப்போட்டுச் சிரிக்கற மனுசனை நீங்க எங்காச்சும் பாத்திருக்கறீங்களா? கோயிலுக்குப் போறேன்னு சொன்ன நாள்லிருந்து சரியாத் தூங்காம பொரண்டுட்டே கெடந்தவரு, அன்னைக்கு மத்தியானம் படுத்து அஞ்சு மணி வரைக்கும் தூங்கினாரு.

இன்னொன்னை மாட்டினாரு. இஞ்சினை ஓட வுட்டு, கியர்பாக்ஸு மேல ஒரு ரூவாக் காசை நட்டமா வெச்சுப் பாத்தாரு. நின்னுது. அடுத்தவன் பண்ணின பேலன்ஸுதான், வாயைத் தொறந்து நல்லாருக்குதுன்னு சொல்லோணுமே? 'ம்' அப்பிடின்னாரு. அவ்வளவுதான்.

கோயிலுக்குப் போனோம். போற வழில நாப்பதைத் தாண்டலைங்க. தண்ணி லாரி முந்திட்டுப் போகுது. டவுன் பஸ்ஸு முந்திட்டுப் போகுது. ஒரு அம்மிணி ஸ்கூட்டர்ல புள்ளைய வெச்சுட்டு முந்திட்டுப் போயித் திரும்பிப் பாத்துச் சிரிக்குது. தனியாப் போனா எம்பதுல போறாருன்னு தெருவே சொல்லுது. என்னைய ஏத்தினா மட்டும் மாட்டு வண்டி. என்ற கனத்துக்கு வண்டி இழுக்க மாட்டீங்குதுன்னு ஊருக்கே காட்டறாரு. பந்தயக் காராட்டக் கட்டிப்போட்டு இப்பிடி ஓட்டினா, கார்பன் இருந்தென்ன, மூங்கில் இருந்தென்ன? அதனாலதான் சொல்றேன், வேகத்துக்குன்னா வேண்டவே வேண்டாம் தம்பி.

அதைக் கூடப் பொறுத்துக்குவேன். போன ஆடில வண்டியத் தொடைச்சுட்டிருந்தேன், அப்பத்தான் பாத்தேன். அந்தப் பொந்துல என்ற சீட்டுப் பக்கம் மட்டும் ஒரு தகடு வெச்சிருக்கறாரு. தகரமில்லை, தகடு. கம்பெனில எங்கியோ கெடந்த கெட்டி இரும்பு, என்ற சுண்டுவிரல் அரைவாசிக் கனம். இடுப்புலிருந்து முட்டி வரைக்கும் வளைச்சு, ஓரமெல்லாம் அரத்தால ராவி, பெயிண்டு அடிச்சு, மேல மெத்தைத் துணி ஒட்டியிருக்கறாரு. கைய வெச்சா அசையாது. சரின்னு அவரு பக்கம் கைய வெச்சேன். வெறும் தகரம். கட்டைவெரல்ல அமுக்கினா உள்ள போகுது. மூணு கிலோ கொறைக்கறேன்னு அத்தனை கூத்தடிச்சவரு, என்ற பக்கம் நாலு கிலோவை ஏத்தி வெச்சிருக்கறாரு!

கேட்டேன். 'மிச்சமாக் கெடந்த தகடு'ங்கறாரு. மிச்சமாக் கெடந்தா அவரு பக்கம் வெச்சுக்கறது? அங்கதான மொதல்ல கிழிஞ்சுது? 'இன்னொன்னு வாங்கி ரெண்டு பக்கமும் வெய்யுங்க'ன்னா, 'வண்டியா, புல்டோசரா?'ங்கறாரு. எனக்குத் தெரியுமுங்க, எல்லாம் குத்திக்காட்டறதுதான். நீ கனமா இருக்கற, உனக்குக் கனமான சாமானுன்னு. முப்பது வருசத்துக்கு மேல ஒரே வூட்டுல இருக்கறோம், இந்தக் குசும்பு மட்டும் போகலை.

கார்பன் நாராப் போகும், சரி. பசை வுட்டா? கிராஸு வுட்டா? அந்தத் தகரத்தை நெனைச்சா எனக்குச் சோறு எறங்க மாட்டீங்குது. அதனால போன மாசம் அவரு பேங்குக்குப் போனப்ப நானே போல்ட்டை எடுத்து அந்தத் தகட்டைக் கழட்டி அவரு பக்கம் மாட்டி வெச்சேன். ரெண்டு பக்கமும் ஒரே அளவுதான், அப்பிடியே பொருந்திக்குது. மக்யா நாளு காலைல பாத்தா தகடு மறுக்கா என்ற பக்கம்! நானும் வுடலை, அடுத்த வாரமே மாத்தினேன். ரெண்டு நாள்ல திரும்பி வந்திருச்சு. இதுவரைக்கும் நாலு தடவை. நானும் கேக்கறதில்லை, அவரும் சொல்றதில்லை. என்ற மேல அப்பிடி என்ன வீம்போ அந்த மனுசனுக்கு.

காப்பி குடிச்சாச்சா? டம்ளர் அங்கயே இருக்கட்டும். இப்பிடி வூட்டுக்குப் பொறகால, பொடக்காலிப் பக்கம் வாங்க, வண்டியப் பாக்காம எப்பிடிப் போவீங்க? பாத்துக் குனிங்க, தலை இடிக்கும். அந்தச் சாக்கை எடுத்துருங்க. இதுதான். மணி ரெண்டேகால், அவரு வரதுக்கு இன்னும் முக்கால் மணி நேரமாவது ஆகும். போன தடவை அவரு தகட்டை ரொம்ப இறுக்கிப்போட்டாரு, என்ற கைக்கு வர மாட்டீங்குது. நல்லவேளை நீங்க வந்தீங்க. இந்தாங்க, பத்தாம் நம்பர் ஸ்பேனரு. என்ற பக்கத்துலிருந்து ஆரம்பிங்க தம்பி. எட்டே போல்ட்டுதான்.